அறையில் இருப்பவர் யார்?

பெருங் கட்டடங்களுக்கு வெம்மையூட்டுவதும் அவற்றைக் குளிர்விப்பதும் பொறியியலாளரின் அலுவல் என்றே நாம் கருதிப் பழகிவிட்டோம். எந்த மணிக்கு இயந்திரத்தை இயக்குவது, எந்த மணிக்கு நிறுத்துவது, எந்த அறைக்கு எவ்வளவு என்பனவெல்லாம் கணக்கினால் தீர்க்கப்படுவன. அவற்றிலே இலக்கியம் பயின்றோருக்கும் தத்துவம் பேசுவோருக்கும் என்ன வேலை என்று கேட்போர் உளர். ஆயின், உலகெங்கும் இன்று பரவிவரும் ஒரு முறை இவ்விடயத்தை அறவியலின் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆள் இருக்கும் அறைக்கு, ஆள் இருக்கும் வேளையில் மட்டும் வெம்மையையோ தண்மையையோ அளிப்பது, ஆளில்லா அறையை அதன் போக்கில் விட்டுவிடுவது என்பதே அம்முறை. கேட்ட மாத்திரத்தே எவரும் ஏற்கக்கூடிய நியாயம் இது. ஆயினும், 'ஆள்' என்று அம்முறை எவரைக் கருதுகிறது? அந்த வரைவிலக்கணத்தை வகுத்துக் கொடுத்தவர் யார்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முறையின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். சுவரினூடாக ஓடும் வெப்பத்தின் அளவு உள்ளும் புறமும் நிலவும் வெப்பநிலைகளின் வேறுபாட்டைப் பொறுத்தது என்பது பாடசாலைப் பௌதிகம். பனிக்காலத்து இரவிலே வெறுமையாய்க் கிடக்கும் கட்டடத்தின் வெப்பநிலையைத் தாழவிட்டால் அவ்வேறுபாடு குறைகிறது. வெளியே கசியும் வெப்பமும் குறைகிறது. காலையில் மீளச் சூடாக்குவதற்கு மிகுந்த எரிபொருள் வேண்டுமாதலால் இரவு முழுவதும் உலையை எரியவிடுவதே மேல் என்னும் பரவலான நம்பிக்கை, சாதாரணக் கட்டடங்களைப் பொறுத்தவரை, பிழையானது. வெப்ப நாடுகளிலே வளிச்சீராக்கிகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். உலகின் மின்சார நுகர்விலே ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வளிச்சீராக்கிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் செலவாகிறது என்று சர்வதேசச் சக்தி முகவரகம் 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இப்பெருந்தொகையிலே வெற்று நாற்காலிகளைக் குளிர்விப்பதற்குச் செலவாகும் ஒவ்வோர் அலகும் வீணே எரிந்த நிலக்கரியாகும். வீணே போன மனித உழைப்பாகும்.

மின்சாரம் வற்றாத ஊற்றன்று என்பதை நாம் நூல்களிலிருந்து கற்கவேண்டிய நிலையில் இல்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. சொந்த மின்பிறப்பாக்கிகள் உள்ள இடங்களில் ஒளி இருந்தது; ஏனைய இடங்களில் மாணவர் குப்பிவிளக்கின் முன்னே குனிந்திருந்தனர். ஒருவர் வீணாக்குவது மற்றொருவருக்கு இல்லாமற் போவதே என்ற உண்மையை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின. ஆகவே, 'ஆளில்லா அறைக்குக் குளிர் எதற்கு?' என்னும் கேள்வியை முதலாளியின் கஞ்சத்தனம் என்று நாம் தள்ளிவிடுதல் தகாது. அது பொதுச் செல்வத்தைப் பேணும் கேள்வியுமாகும்.

சிக்கல் அடுத்த படியிலே தொடங்குகிறது. அறையில் ஆள் உண்டா, இல்லையா என்பதை இயந்திரம் எவ்வாறு அறியும்? மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, நேர அட்டவணை. காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குமாயின், கட்டடத்தின் சுவர்கள் சூடேறவோ குளிரவோ எடுக்கும் நேரத்தைக் கணித்து முன்கூட்டியே இயந்திரம் இயங்கும். மாலையில் வேலை முடிந்ததும் ஓயும். இரண்டாவது, மனித உடலினின்றும் எழும் செந்நிறக்கீழ்க் கதிர்களின் அசைவை அறியும் உணரி. மூன்றாவது, மூச்சோடு வெளிவரும் காபனீரொட்சைட்டின் செறிவை அளந்து அறையிலுள்ளோர் எத்தனை பேரென்று மதிப்பிடும் கருவி. இம்மூன்றும் பக்கச் சார்பற்ற பௌதிகக் கருவிகள்போலத் தோன்றுகின்றன. ஆனால், தட்பவெப்பத்தை மனிதர் பங்கிட்டுக்கொண்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இப்பங்கீட்டிலே சமுதாய உறவுகள் எக்காலமும் பதிந்திருந்தமை புலனாகும்.

பத்துப்பாட்டிலுள்ள நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். நக்கீரர் பாடிய அப்பாட்டிலே, கூதிர்காலம் வந்ததும் நகரத்துச் செல்வர் வேனிற்காலப் பள்ளியறையைக் கைவிடுகின்றனர். தென்றல் புகும் சாளரங்களை அடைத்துத் தாழிடுகின்றனர். விசிறிகள் சிலந்திக்கூடு படியத் தொங்குகின்றன. மாந்தர் தீச்சட்டியின் வெம்மையை நாடுகின்றனர். அறையை மனிதனுக்கேற்ப மாற்றாது, பருவத்துக்கேற்ப மனிதன் அறை மாறிய காலம் அது. ஆனால், அதே பாட்டின் தொடக்கத்திலே, வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்த கோவலர் நெருப்பிலே கைகாய்ச்சியும் நடுக்கம் தீராது நிற்கின்றனர். மாறிக்கொள்ள அவர்களுக்கு வேறோர் அறை இல்லை. மாடத்தையும் மேட்டுநிலத்தையும் ஒரே வாடையின் கீழ் வைத்துக் காட்டிய புலவர், பருவம் எல்லோருக்கும் பொதுவாயினும் அதிலிருந்து தப்பும் வழி பொதுவன்று என்பதைத் தெரிந்தே காட்டினார் எனலாம்.

ஆங்கிலேயராட்சிக் கால இந்தியாவிலே துரைமாரின் மாளிகைகளிலும் நீதிமன்றங்களிலும் பங்கா எனும் பெருவிசிறி கூரையிலிருந்து தொங்கியது. அதன் கயிறு சுவரிலே இட்ட துளையினூடாக வெளியே சென்றது. வெளியே, விறாந்தையில், அதனை இழுப்பவன் அமர்ந்திருந்தான். துரை அறையில் இருக்கும்வரை கயிறு அசைய வேண்டும். துரை போனதும் அது நிற்கலாம். ஆளுக்கேற்பக் குளிர்விக்கும் முறை என்று இன்று நாம் வியப்பது அன்றே நடைமுறையிலிருந்தது. உணரியும் இயந்திரமும் ஒரே மனித உடலிலே அடங்கியிருந்தன என்பதுதான் வேறுபாடு. கண்ணயர்ந்த பங்காக்காரர் அடியும் உதையும் பட்டமை அக்காலப் பதிவுகளிலே காணப்படுவது. நமது ஆய்வுக்கு இன்றியமையாத உண்மை யாதெனில், அறைக்குக் காற்றளித்தவன் அறையில் இருப்பவனாகக் கருதப்படவில்லை. அவன் வியர்வை கணக்கில் சேர்க்கப்படாமையினாலேயே துரையின் குளிர் மலிவாகக் கிடைத்தது.

மேற்கு நாட்டிலும் கதை வேறன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே வைற்வோட்டர் என்னும் ஊரில் ஆசிரியரைப் பயிற்றும் கல்லூரியொன்றிற் கற்பித்தவர் வொரன் ஜோன்சன். அங்கே ஊழியர் ஒருவர் இடையிடையே வகுப்பறைக்குள் வந்து வெப்பமானியைப் பார்த்து, பின் நிலவறைக்குச் சென்று சூட்டைக் கூட்டியோ குறைத்தோ விடுவார். பாடம் தடைப்படுவது கண்ட ஜோன்சன், அறையின் வெப்பநிலை மாறும்போது நிலவறையிலே மணியொலிக்கச் செய்யும் மின்கருவியொன்றை ஆக்கினார். 1883இல் அதற்குக் காப்புரிமமும் பெற்றார். அறைவாரியாக வெப்பத்தை ஆளும் கைத்தொழில் இதிலிருந்தே வளர்ந்தது. பாடம் கற்பிப்போரின் இடர்ப்பாட்டை உணர்ந்து ஆசிரியர் ஒருவர் கண்ட பயனுள்ள கருவி இது. இதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயின், அவ்வூழியர் வகுப்பறையிலே வெப்பமானியை மட்டுமன்றி மாணவரின் முகங்களையும் கண்டிருப்பார். சாளரத்தருகே இருப்பவன் நடுங்குவதும் அடுப்புக் குழாயருகே இருப்பவன் வியர்ப்பதும் அவர் கண்ணிற் பட்டிருக்கும். மணி அவற்றைச் சொல்வதில்லை.

வளிச்சீராக்கியின் பிறப்போ இன்னும் விசித்திரமானது. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றிலே, காற்றின் ஈரப்பதன் மாறுந்தோறும் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ண அச்சுக்கள் ஒன்றோடொன்று பொருந்தாது போயின. அதனைத் தீர்ப்பதற்காக வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் வகுத்த திட்டமே நவீன வளிச்சீராக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. முதலில் நலம் பேணப்பட்டது காகிதத்துக்கு. மனிதருக்குக் கிடைத்தது அதன் மிச்சம். இன்றும் நூலகங்களையும் மருந்துக் களஞ்சியங்களையும் ஆளில்லாத இரவுகளிலே வெறுமனே விட்டுவிட முடியாது. வெப்ப நாட்டின் ஈரக்காற்றுப் புகுந்தால் ஏடுகளிலே பூஞ்சணம் படரும். ஆகவே, வேளை தவறாது பேணப்படும் உரிமை சில பொருள்களுக்கு உண்டு என்பதை இம்முறை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. மனிதருள் சிலருக்கு அவ்வுரிமை இல்லையே என்பதுதான் நமது வினா.

அச்சிலர் யாவர்? காரியாலயம் கலைந்தபின் அங்கே வருவோரை நினைத்துப் பாருங்கள். பல நாடுகளிலே பெருங் கட்டடங்களின் துப்புரவு வேலை இரவிலோ விடியுமுன்னரோ நடைபெறுகிறது. அட்டவணைப்படி மாலையில் இயந்திரம் ஓய்கிறது. கண்ணாடிச் சுவர் பகலெல்லாம் வாங்கிய வெயில் உள்ளே தேங்கி நிற்கிறது. அவ்வேளையிலே வாளியும் துடைப்பமுமாக நுழைவோர், அக்கட்டடத்தில் மிகக் கடினமான உடலுழைப்பைச் செய்வோர், திறக்கமுடியாத சாளரங்களுக்குள்ளே புழுங்குகின்றனர். குளிர் நாடுகளிலே அதே வேளையில் அவர்கள் விறைக்கின்றனர். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்போருக்கு ஒரு பாகையும் பிசகாத தட்பவெப்பம். குனிந்து நிமிர்வோருக்கு எஞ்சிய காற்று. அட்டவணையை எழுதியவர் கொடியவர் அல்லர். 'வேலை நேரம்' என்ற சொல்லை எழுதும்போது அவர் மனத்திலே தம்மையொத்தோரின் வேலை மட்டுமே தோன்றியது, அவ்வளவே. வர்க்க நோக்கு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. அது பகைமையாக வெளிப்படுவதிலும் பார்க்க மறதியாகவே பெரிதும் வெளிப்படுகிறது.

அட்டவணையை எடுத்துவிட்டு உணரியை வைத்தால் இக்குறை தீருமென்பர் சிலர். ஓரளவுக்குத் தீரும், இரவில் வரும் தொழிலாளியையும் உணரி காணும். ஆனால், அசைவை அறியும் உணரி அசையாதவரைக் காண்பதில்லை. ஆழ்ந்து வாசிப்பவர், கட்டிலிற் கிடக்கும் நோயாளி, நாற்காலியில் ஒடுங்கியிருக்கும் முதியவர் ஆகியோர் அதன் கணக்கிலே இல்லாதவராகி விடுகின்றனர். கண்டுகொண்ட ஆளுக்கு எவ்வளவு தண்மை அளிப்பது என்பதிலும் ஒரு முற்கோள் உண்டு. காரியாலயங்களின் வெப்பநிலையை வகுப்பதற்கு 1960களின் ஆய்வுகளையொட்டி எழுந்த நியமங்கள் சராசரி ஆணொருவரின் உடல் பிறப்பிக்கும் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை என்றும், பெண்களின் உடல்வெப்ப ஆக்கத்தை அவை 35 சதவீதம் வரை மிகைப்படுத்தக் கூடுமென்றும் 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் காட்டினர். கோடையிலும் மேலங்கியோடு காரியாலயம் செல்லும் பெண்களின் அநுபவத்துக்கு விஞ்ஞானம் காலந்தாழ்த்திச் சான்று பகர்ந்தது எனலாம்.

இனி, எண்ணப்படுதலிலும் ஆபத்து உண்டு. 2016 சனவரியிலே இலண்டனில் 'டெய்லி ரெலிகிராப்' பத்திரிகையின் ஊழியர் ஒருநாட் காலை வேலைக்கு வந்தபோது, தத்தம் மேசைகளின் கீழே சிறு பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கக் கண்டனர். மேசையில் ஆள் உண்டா என்பதை உடல்வெப்பத்தையும் அசைவையும் கொண்டு அறியும் உணரிகள் அவை. கட்டடத்தின் வெப்பத்தையும் தண்மையையும் ஒளியையும் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கே அவை வைக்கப்பட்டன என்று நிருவாகம் விளக்கியது. ஊழியரும் அவர்தம் தொழிற்சங்கமும் கண்டித்தனர்; அன்றைக்கே பெட்டிகள் அகற்றப்பட்டன. நிருவாகம் கூறிய காரணம் உண்மையாகவே இருந்திருக்கலாம். எனினும், மேசையில் ஆள் இல்லையென்று இயந்திரத்துக்கு அறிவிக்கும் கருவி, மேசையில் ஆள் இல்லையென்று மேலாளருக்கும் அறிவிக்கவல்லது. தொழிற்சாலை மணியின் வரலாற்றை அறிந்தோர் இவ்வச்சத்தை எள்ளி நகையாடார். 1867இல் வெளிவந்த 'மூலதன'த்திலே வேலைநாளைப் பற்றிக் கார்ல் மார்க்ஸ் நெடியதோர் அத்தியாயம் எழுத நேர்ந்தமைக்குக் காரணம், நிமிடங்களை அளப்பவர் யார் என்பது கூலியை அளப்பவர் யார் என்பதற்கு ஒப்பான போராட்டமாக இருந்தமையே.

இங்கே முரண்பாடொன்று நம்முன் நிற்கிறது. துப்புரவுத் தொழிலாளி எண்ணப்படாமையால் துன்புறுகிறார். எழுதுவினைஞர் எண்ணப்படுவதால் அஞ்சுகிறார். ஒருவருக்குக் கணக்கில் இடமில்லை. மற்றவர் கணக்கிலிருந்து தப்ப முடிவதில்லை. இவ்விரு குறைகளும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பன போலத் தோன்றினும் அவற்றின் வேர் ஒன்றே. கணக்கு இருவர் கையிலும் இல்லை. தம்மைப் பற்றிய கணக்கைத் தாம் காணவும் திருத்தவும் உரிமையற்ற மனிதர், அக்கணக்கிலே சேர்ந்தாலும் விடுபட்டாலும் பொருளாகவே நடத்தப்படுகின்றனர். சில அமெரிக்கக் காரியாலயங்களின் சுவர்களிலே ஊழியரின் மனஆறுதலுக்காக எதனோடும் இணைக்கப்படாத வெறும் வெப்பநிலைக் குமிழ்கள் பொருத்தப்பட்டிருந்தமை 2003இல் பத்திரிகைச் செய்தியாயிற்று. திருகினால் திருப்தி, வெப்பநிலையிலோ மாற்றமில்லை. மக்களுக்கு அதிகாரத்தின் தோற்றத்தைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடாதிருக்கும் கலை அரசியலுக்கு மட்டும் உரியதன்று போலும்.

அங்ஙனமாயின் கட்டடங்களை இரவும் பகலும் குளிர்வித்துக்கொண்டே இருப்பதா என்று எதிர்வாதி கேட்பார். அன்று. அதுவும் அநீதியே. வளிச்சீராக்கி குளிரைப் படைப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அத்தோடு தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துக் கொட்டுகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலே வளிச்சீராக்கிகள் வெளியேற்றும் வெப்பம் இரவுக் காற்றின் வெம்மையை ஒரு பாகைக்கு மேல் உயர்த்தக்கூடும் என 2014இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. நடைபாதையிலே கடைவிரிப்பவரும் வாயிற் காவலாளியும் விறாந்தையில் இருந்த பங்காக்காரரின் வழித்தோன்றல்களே. உள்ளே ஒருவருமில்லாத அறையைக் குளிர்விப்பது வெளியே இருக்கும் ஒருவரைச் சுடுவதாகும். ஆகவே சிக்கனமும் நீதியும் பகைவரல்ல; இரண்டையும் ஒன்றுசேர வேண்டுவதே நமது கடன்.

அது இயலாத காரியமுமன்று. நியூயோர்க் மாநகரிலே ஒக்டோபர் 1 முதல் மே 31 வரை வாடகைவீடுகளுக்கு உரிமையாளர் வெம்மையளிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பகலில் வெளியே 55 பாகை பரனைற்றுக்குக் கீழே குளிர் இறங்கினால் உள்ளே 68 பாகையாவது, அதாவது ஏறத்தாழ 20 பாகை செல்சியசாவது, இருக்கவேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, வெளியே எவ்வாறிருப்பினும், 62 பாகையாவது இருக்கவேண்டும். இதுவும் நேர அட்டவணையே. ஆனால், உரிமையாளர் தம் விருப்பப்படி எழுதியதன்று, குடியிருப்போர் சட்டத்தைக் காட்டி வற்புறுத்தக் கூடியது. ஜப்பானிலோ 2005ஆம் ஆண்டு முதல் கோடையிலே காரியாலயங்களின் குளிர்விப்பு அளவை 28 பாகை செல்சியசுக்கு உயர்த்துமாறு அரசு வேண்டியபோது, ஊழியர் கழுத்துப்பட்டியையும் மேற்சட்டையையும் களையவேண்டும் என்பதையும் சேர்த்தே கூறியது. வெயில் நாட்டிலே கம்பளி உடுப்பைக் கௌரவச் சின்னமாக வைத்துக்கொண்டு, அவ்வுடுப்புக்காகக் கட்டடத்தைக் குளிர்விக்கும் பேதைமை நம்மிடையேயும் இல்லாமலில்லை.

யாவற்றிலும் சிறந்த பாடம் துப்புரவுத் தொழிலிலிருந்தே கிடைக்கிறது. நோர்வே, சுவீடன் முதலிய நாடுகளிலே அவ்வேலையின் பெரும்பகுதி பகலிலேயே நடைபெறுகிறது. ஏனையோர் இருக்கும் வேளையிலேயே துப்புரவுத் தொழிலாளரும் இருப்பதால் அவர்களுக்கும் அதே வெம்மை, அதே ஒளி கிடைக்கின்றன. இரவிலே கட்டடம் மெய்யாகவே வெறுமையாகின்றது, இயந்திரம் மெய்யாகவே ஓயலாம். நீதி செய்தபோது சிக்கனமும் உடன்வந்தது. ஆனால், காணப்படும் உரிமை எங்கும் தானாக வந்துவிடவில்லை. 1990 சூன் 15ஆம் நாள் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே, இரவில் வந்து இரவில் மறையும் துப்புரவுத் தொழிலாளர் பட்டப்பகலில் ஊர்வலமாக வந்தபோது பொலிசாரின் தடியடியைத் தாங்கவேண்டியிருந்தது. அவ்வடிக்குப் பின்னரே அவர்களுடைய சங்கம் ஒப்பந்தத்தை வென்றது.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. கட்டடத்துக்கு நேரம் வகுக்கும்போது அங்கே வேலைசெய்வோர் அனைவரும், துடைப்போரும் காவல் காப்போரும் உட்பட, வகுக்கும் மேசையிலே இடம்பெற வேண்டும். உணரி வைக்கப்படுமாயின் அது தலைகளை எண்ணலாம், பெயர்களை எண்ணலாகாது. வெப்பத்துக்காகச் சேர்த்த கணக்கு கூலிக் கணக்காக மாறுதலாகாது. அறையில் இருப்பவரின் கைக்கெட்டும் தூரத்திலே, மெய்யாகவே இயங்கும் ஒரு விசையும் திறக்கக்கூடிய ஒரு சாளரமும் இருக்கவேண்டும். பெரும் புரட்சியை இவை வேண்டி நிற்கவில்லை. ஆயினும் இவற்றைக் கேட்கும் ஒவ்வோரிடத்திலும் 'இங்கே வேலை செய்பவர் யார்?' என்ற கேள்வியும் உடனெழும். அதற்கு நேர்மையாக விடையளிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அதிகாரத்தில் உள்ளோருக்கு ஏற்படும்.

வெறுமையான அறையைக் குளிர்விக்காதே என்று சொல்வது அறிவு. அறை வெறுமையானது என்று தீர்ப்புக் கூறுமுன், கதவின் பின்னே வாளியோடு நிற்பவரையும் ஒருமுறை பார் என்று சொல்வது அறம். இன்றைய பொறியியல் முதலாவதைச் செவ்வனே கற்றுக்கொண்டது. இரண்டாவதை அதற்குக் கற்பிக்கும் பொறுப்பு, உழைக்கும் மக்களுக்கும் அவர்தம் பக்கம் நின்று எழுதுவோருக்கும் உரியது.